எட்டுக் கிழமைத் தியான வகுப்பு: கனவுக்குள்ள முழிக்கலாம் எண்டு போனனான்

யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டு மண்டபத்தில நடக்கிற பின்னேரத் தியான வகுப்புக்கு எட்டுக் கிழமை போய் முடிச்சு, அதுக்குப் பிறகும் ரெண்டு மாசத்துக்குக் கிட்ட வீட்டில தொடர்ந்து இருந்து பாத்திட்டுத்தான் இதை எழுதுறன், ஏனெண்டா வகுப்பு முடிஞ்ச அண்டைக்கே எழுதியிருந்தா வேற மாதிரித்தான் எழுதியிருப்பன். பேர் போடேல்ல. நடத்திற ஐயாவே "பேர் வேண்டாம் பிள்ளை, வேணுமெண்ட ஆக்கள் விசாரிச்சு வரட்டும்" எண்டு சொன்னவர். விசாரிச்சா அந்தப் பக்கத்தில ஆரும் காட்டுவினம்.

நான் போனதுக்குக் காரணம் ஒரு நோட்டீஸ். சந்தைக்குப் போற வழியில ஒரு கடைக் கண்ணாடியில ஒட்டியிருந்தது, தினசரித் தியானம், மன அமைதி, நல்ல நித்திரை, எட்டுக் கிழமையில கனவை அறிந்து காணல் எண்டு. அந்தக் கடைசி வரியைக் கண்ட உடன நான் ஸ்கூட்டியை நிப்பாட்டிப் போட்டன். இங்கிலீசுக்காரர் லூசிட் ட்ரீமிங் எண்டு சொல்லுறதுதான் அது, கனவு கண்டுகொண்டிருக்கேக்கயே "உது கனவு" எண்டு விளங்கி, ஆனா எழும்பாமல் அதுக்குள்ளயே இருக்கிறது. மந்திரம் தந்திரம் ஒண்டும் இல்லை. ஃபிரெடெரிக் வான் ஈடன் எண்ட டச்சு மனநல வைத்தியர் 1913இலயே அந்தப் பேரை வைச்சு எழுதினவர், ஆனா கன காலமா விஞ்ஞானியள் நம்பேல்ல, அரைகுறையா முழிச்சிருந்துபோட்டு நித்திரை எண்டு சொல்லுறாங்கள் எண்டு தள்ளி விட்டவை. பேந்து 1975இல இங்கிலாந்தில ஹல் பல்கலைக்கழகத்தில கீத் ஹேர்ன் எண்டவர் ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சார். ரெம் எண்டு சொல்லுற கனவு நித்திரையில கை கால் தசை எல்லாம் கட்டிப்போட்ட மாதிரிக் கிடக்கும், ஆனா கண் அசையும், அப்ப கனவுக்குள்ள முழிச்ச உடன கண்ணை இடம் வலமா இத்தனை தரம் ஆட்டு எண்டு முன்கூட்டியே பேசி வைச்சு, அலன் வோர்ஸ்லி எண்டவர் நித்திரையிலயே அப்பிடி ஆட்ட, அது மெஷினில பதிவாகினது. அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்டில ஸ்டீபன் லபேர்ஜ் இதே விசயத்தைத் தனியாச் செய்து 1981இல வெளியிட்டார். பிறகுதான் உலகம் ஒத்துக்கொண்டது. 2016இல 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த ஒரு கட்டுரை, நூற்றுக்கு 55 பேர் வாழ்க்கையில ஒருக்காவாவது இப்பிடிக் கண்டிருக்கினம் எண்டு சொல்லுது, 23 பேர் மாசத்துக்கு ஒருக்காவாவது காணுகினமாம். நான் அந்த 55க்குள்ள இல்லை, அப்ப வரைக்கும்.

எனக்கு ஏன் இது வேணும் எண்டா, என்ர அப்பா.

அப்பா 2011இல போனவர். கனவில மாசம் ரெண்டு மூண்டு தரம் வருவார், எப்பவும் ஒரே இடம், எங்கட பழைய வீட்டு விறாந்தை. 90ஆம் ஆண்டு சண்டையில யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் போன பிறகு இஞ்ச வளந்த ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனா இளம் பெடியளுக்காகச் சொல்லுறன், பற்றரி உள்ள வராது, மண்ணெண்ணெய் வாங்கேலாத விலை, ஜாம் போத்தலுக்க பஞ்சைப் போட்டு ஒரு சொட்டு எண்ணெயில திரி எரியும், அந்த வெளிச்சத்தில படிப்பம். ரேடியோ கேக்கோணும் எண்டா சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைக் கையால சுத்திக்கொண்டே இருக்கோணும், டைனமோவில வாற கரண்டில ரேடியோ கதைக்கும், கை ஓய்ஞ்சா சத்தம் தேஞ்சுபோகும். எங்கட வீட்டில சுத்திறது அப்பாதான். அயலட்டை ஆக்கள் பத்துப் பதினஞ்சு பேர் விறாந்தையில குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேப்பினம், அப்பா ஒரு சொல்லும் கதைக்காமல் சுத்திக்கொண்டிருப்பார், எனக்கு எட்டு வயசு, நான் அவருக்குப் பக்கத்தில. கனவிலயும் அதேதான். அவர் சுத்துவார், வேர்வை வழியும், ரேடியோவில ஆரோ கதைக்கிற சத்தம் கேக்கும், ஒரு சொல்லும் விளங்காது. நான் அதைப் பாத்துக்கொண்டு இருப்பன். முழிச்ச பிறகுதான், அப்பா இப்ப இல்லையே, இருக்கேக்கயே ஒரு சொல்லுக் கதைச்சிருக்கலாமே எண்டு நெஞ்சு அடைக்கும். பதினாலு வருசமா இப்பிடி. கனவுக்குள்ள ஒருக்காக்கூட "உங்களுக்கு என்ன நடந்தது அப்பா, நீங்கள் செத்தவரெல்லோ" எண்டு எனக்குத் தோன்றினதே இல்லை. அது தோன்றவேணும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. பறக்கவோ கடலுக்கு மேல நடக்கவோ இல்லை.

சரி, வகுப்புக்கு வாறன். நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கையோட தொடங்கினது, செவ்வாயும் சனியும், பின்னேரம் அஞ்சரையிலயிருந்து ஏழு. எட்டுக் கிழமைக்கும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய், ரெண்டு தரமாக் குடுக்கலாம், கஷ்டப்பட்ட ஒரு கம்பஸ் பெடியனிட்ட ஐயா வாங்கவே இல்லை எண்டு பிறகு தெரிய வந்தது. நாங்கள் பதினாலு பேர். ஐயா முந்தி பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சவர், எழுபது தாண்டியிருக்கும், குரல் உயர்த்தவே மாட்டார். பாய் அவையே தருவினம், கீழ இருக்கேலாத ஆக்களுக்கு முதுகு நிமிந்த கதிரை இருக்கு, தண்ணிப் போத்தல் நீங்கதான் கொண்டு போகோணும்.

முதல் ரெண்டு கிழமை மூச்சு மட்டும். ஒண்டிலயிருந்து பத்து வரைக்கும் மூச்சை எண்ணுறது, எண்ணிக்கை விட்டுப்போனா கோவிக்காமல் திரும்ப ஒண்டு. எனக்கு முதல் நாள் நாலைத் தாண்டேல்ல. நாலுக்கிடையில நாளைக்கு என்ன கறி, மகளின்ர ரியூசன் காசு, வேலையில ஒருத்தி சொன்ன கதை எல்லாம் வந்திட்டுது. அடுத்தது உடம்பைக் கவனிக்கிறது, மல்லாக்கப் படுத்துக்கொண்டு கால் பெருவிரலில தொடங்கி உச்சி வரைக்கும் ஒவ்வொரு இடமா மனதைக் கொண்டுபோறது, அதில அரைவாசிப் பேர் குறட்டை. ஐயா எழுப்ப மாட்டார், "நித்திரை வாற வாசலைத்தான் பாக்கப் போறம், முதல் நாளிலயே வாசலில விழுந்தா குற்றமில்லை" எண்டார். எனக்கு ஆகப் பிடிச்சது நடை. முத்தத்து மண்ணில செருப்பில்லாமல், குதி படுறது, விரல் படுறது, மற்றக் கால் எழும்புறது எண்டு ஒவ்வொண்டையும் தெரிஞ்சு நடக்கிறது. ஐப்பசி மழை தொடங்கின பிறகு அது விறாந்தைக்கு வந்திட்டுது, தவளைச் சத்தம் காதைப் பிளக்கும், ஆனா அந்தச் சத்தத்தையும் எண்ணுங்கோ எண்டு விட்டார்.

நடந்துகொண்டிருக்கேக்க ஒரு நாள் நான் கேட்டனான், ஐயா இதுக்கும் கனவுக்கும் என்ன தொடர்பு எண்டு. "றோட்டில நடக்கேக்கயே நடக்கிறன் எண்டு தெரியாதவளுக்குக் கனவில நடக்கேக்க எப்பிடிப் பிள்ளை தெரியும்?" எண்டு கேட்டார். அண்டைக்கு ராத்திரி முழுக்க நான் இதையே யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். உண்மையும் அதுதான். ரெம் நித்திரையில மூளையின்ர முன்பக்கத்தில, நாங்கள் சரி பிழை பாத்து நிதானிக்கிற பகுதிகளில, வேலை குறைஞ்சுபோகும், அதாலதான் செத்தவர் வந்து நிண்டாலும் பள்ளிக்கூடத்துக்க கடல் வந்தாலும் எங்களுக்குப் பிழையாத் தெரியாது. அந்த நேரம் யோசிச்சுக் கண்டுபிடிக்க ஏலாது. பகலில "இப்ப என்ன நடக்குது" எண்டு பாக்கிறது கை தானாச் செய்யிற வேலை மாதிரிப் பழகியிருந்தா மட்டும், அது கனவிலயும் தானாத் தலையைத் தூக்கும்.

சமயப் பாடத்தில படிச்ச அஞ்சு அவத்தையையும் ஐயா இழுத்து வருவார், அதாவது நனவு எண்ட சாக்கிரம், கனவு எண்ட சொப்பனம், ஆழ்ந்த நித்திரை எண்ட சுழுத்தி, அதுக்கும் அப்பால துரியம், துரியாதீதம். பரீட்சைக்குப் பாடமாக்கினதே தவிர அது என்ர உடம்பில ஒவ்வொரு ராவும் நடக்கிற விசயம் எண்டு நான் நினைச்சதே இல்லை. திபெத்துப் பௌத்தத்தில கனவு யோகம் எண்டே ஒரு பயிற்சி நூற்றாண்டுக்கணக்கா இருக்கு எண்டும் சொன்னவர். ஒரு சனிக்கிழமை பின்னேர வகுப்பை விடியக்காலமைக்கு மாத்தி எங்களை நல்லூர்த் தேரடிக்குக் கூட்டிக்கொண்டு போனார், செல்லப்பா சுவாமி எண்ட சித்தர் இருந்த இடம், அவரின்ர சீடன் யோகர் சுவாமி தன்ர குருவா அவரைக் கண்ட இடம். "சும்மா இரு" எண்டதுக்கு மேல ஐயா அங்க ஒண்டும் சொல்லேல்ல. அரை மணித்தியாலம் இருந்தம். கோயில் மணி அடிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது, அண்டையிலயிருந்து அந்த மணிச் சத்தம் எனக்கு ஒரு அடையாளமாப் போட்டுது, அதைப் பிறகு சொல்லுறன்.

இனிக் குறையள். அஞ்சரை எண்டா ஆறு மணிக்குத்தான் தொடங்கும், ஒவ்வொரு நாளும். நுளம்பு தாங்கேலாது, மழை தொடங்கின பிறகு இன்னும் மோசம், நுளம்புத்திரி கொளுத்தினா அந்தப் புகையில மூச்சைக் கவனிக்கிறது நரகம். போனை நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லியும் நிப்பாட்டாத ரெண்டு பேர். இதெல்லாம் பெரிசில்லை. பெரிய குறை அந்த நோட்டீஸ்தான். எட்டுக் கிழமையில கனவை அறிந்து காணல் எண்டு போட்டிருக்கக் கூடாது. எட்டுக் கிழமை முடியேக்க பதினாலு பேரில ஒருத்தருக்கும் வரேல்ல. எனக்கு நித்திரை நல்லாத்தான் வந்தது, பிள்ளையளில எரிஞ்சு விழுறது குறைஞ்சது, ஆனா நான் அதுக்குப் போகேல்ல. கடைசி நாள் நான் நேராவே ஐயாவிட்டச் சொன்னனான், எனக்கு ஏமாத்தமா இருக்கு எண்டு. அவர் கோவிக்கேல்ல. "நோட்டீஸ் அடிச்சது என்ர மருமகன், நான் பாத்துத் திருத்தியிருக்கோணும், பிழை என்னிலதான். எனக்குத் தியானம் தெரியும், கனவு வித்தை தெரியாது. ஆனா நிப்பாட்டாத பிள்ளை" எண்டார். அந்த நேர்மைக்காகத்தான் நான் நிப்பாட்டேல்ல.

வீட்டை வந்து தேடிப் பாத்தா இதையே ஆய்வு செய்து வைச்சிருக்கினம். அமெரிக்காவில விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில பெஞ்சமின் பேர்டும் சேர்ந்தவையும் 2019இல வெளியிட்டது. கன காலமாத் தியானம் செய்யிற ஆக்களுக்கு லூசிட் கனவு மற்றவையை விடக் கூட வருகுது, ஆனா புதுசா ஆக்களைச் சேர்த்து எட்டுக் கிழமை மைண்ட்ஃபுல்னெஸ் கோர்ஸ், அதாவது இப்ப நடக்கிறதில மனதை வைக்கிற பயிற்சி, குடுத்துப் பாத்தா கூடேல்ல. எட்டுக் கிழமை! ஜோன் கபட்சின் 1979இல மசசூசெட்ஸில தொடக்கின அந்தக் கோர்ஸ்தான் உலகம் முழுக்க எட்டுக் கிழமைக் கணக்கில நடக்கிறது, எங்கட ஐயாவும் அந்தக் கணக்கைத்தான் எடுத்திருக்கிறார். நான் இதை வாசிச்ச உடன மனம் ஆறிப்போட்டுது. எனக்கு வராதது என்ர பிழையும் இல்லை வகுப்பின்ர பிழையும் இல்லை, தியானம் நிலத்தை உழுது தரும், விதையை நாங்கள்தான் வேற இடத்தில தேடி எடுத்துப் போடோணும். ஆராவது உங்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் மட்டும் செய்யுங்கோ கனவு தானா வரும் எண்டு சொன்னா நம்பாதேங்கோ, வருசக்கணக்கா இருந்தா வரக்கூடும், எட்டுக் கிழமையில வராது.

அதால கார்த்திகை மாசத்திலயிருந்து நான் தியானத்தோட இன்னும் சிலதைச் சேர்த்தனான். தலைமாட்டில ஒரு சிஆர் கொப்பி, பேனை. முழிச்ச உடன கண்ணைத் திறக்காமல், உடம்பை அசைக்காமல், என்ன கண்டனான் எண்டு பின்னுக்கு இழுத்துப் பாத்து, பிறகு எழுதுறது. முதல் நாளுகளில "ஏதோ பஸ்" எண்டு ரெண்டு சொல்லு. மூண்டாம் கிழமை ஒரு பக்கம் எழுதினன். இதுக்கு வகுப்பில பழகின மூச்சுத்தான் கை குடுத்தது, ஏனெண்டா முழிச்ச உடன மனம் அடுப்படிக்கு ஓடாமல் அங்கயே நிக்கிறதுக்கு ஒரு பழக்கம் வேணும், அது எனக்கு ஏற்கெனவே வந்திருந்தது. கொப்பியைத் திருப்பிப் பாக்க ஒண்டு பளிச்செண்டு தெரிஞ்சது, எனக்கு அடிக்கடி வாறது மூண்டு: அப்பா, விறாந்தை, கவிட்டு வைச்ச சைக்கிள். இதைக் கனவு அடையாளம் எண்டு சொல்லுவினம்.

அடுத்தது சோதிக்கிறது. பகலில கொஞ்ச நேரத்துக்கொருக்கா "நான் இப்ப கனவு காணுறனா" எண்டு உண்மையாவே சந்தேகப்பட்டு ஒரு சோதனை செய்யோணும், அது பழகினா கனவிலயும் செய்வம். நல்லூர் மணி கேக்கிற நேரமெல்லாம் நான் செய்தனான், எங்கட வீட்டுக்கு நல்லாக் கேக்கும். சோதனையளில கனபேர் சொல்லுறது லைட் சுவிச், கனவில சுவிச்சைப் போட்டா லைட் பத்தாது, அதால கண்டுபிடிக்கலாம் எண்டு. இதை நான் ரெண்டு கிழமை பழகிப் போட்டு ஒரு ராத்திரி கனவிலயே செய்தும் பாத்தனான், பழைய வீட்டில சுவிச்சைத் தட்டினன், பத்தேல்ல, எனக்கு ஒண்டும் தோன்றேல்ல, அங்க கரண்ட் எப்ப இருந்தது! 90க்குப் பிறகு எங்கட வீட்டுச் சுவிச்சுகள் சிலந்தி கட்டிக் கிடந்தவை. என்ர கனவுக்கு அது பிழையே இல்லை. அண்டைக்கு எழும்பிக் கொப்பியில எழுதேக்க எனக்கு அழுகை வந்தது, சின்னப்பிள்ளை மனதில என்னெல்லாம் வழமையாப் பதிஞ்சுபோய்க் கிடக்குது. இஞ்ச அந்தக் காலத்தில வளந்த ஆக்கள் சுவிச்சை விடுங்கோ. மூக்குத்தான் சரி. மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு மூச்செடுத்துப் பாக்கிறது, நனவில ஏலாது, கனவில மூச்சு வரும். மூச்சோட எட்டுக் கிழமை இருந்த எனக்கு அது உடன பிடிபட்டுது. இல்லாட்டி எழுத்தை ஒருக்கா வாசிச்சுப்போட்டுக் கண்ணை எடுத்துத் திரும்ப வாசிக்கிறது, கனவில எழுத்து அனேகமா மாறிப்போகும்.

மூண்டாவதுதான் விதை. லபேர்ஜ் சொல்லித் தந்த முறை, மைல்ட் எண்டு சுருக்கிச் சொல்லுவினம். அஞ்சு மணித்தியாலம் போல நித்திரை கொண்டு, எழும்பி, கொஞ்சம் முழிச்சிருந்து, கடைசியாக் கண்ட கனவை நினைச்சு, அதில "உது கனவு" எண்டு நான் கண்டுபிடிக்கிற மாதிரி மனதில காட்சி பாத்து, "அடுத்த தரம் கனவு காணேக்க நான் கனவு காணுறன் எண்டதை ஞாபகம் வைப்பன்" எண்டு சொல்லிச் சொல்லி நித்திரையாப் போறது. நித்திரை தொண்ணூறு நிமிசம் போல ஒரு சுத்து, விடியப்புறத்துச் சுத்துகளிலதான் ரெம் கூட, அதாலதான் அந்த நேரம். 2017இல அடிலெய்டில டென்ஹோம் ஆஸ்பி செய்த ஆய்வில சோதனையையும் எழும்பிப் படுக்கிறதையும் இந்த மைல்டையும் சேர்த்துச் செய்தவைக்கு அந்தக் கிழமை நூறு ராத்திரியில 17 ராத்திரி வந்திருக்கு, முறையை முடிச்சு அஞ்சு நிமிசத்துக்க நித்திரையானவைக்கு 46. அப்ப பாருங்கோ, திரும்ப உடன நித்திரையாகிறதுதான் சூட்சுமம், எழும்பிக் கிடந்து யோசிக்கிற ஆக்களுக்கு இது வாய்க்காது. அந்த இடத்தில திரும்பவும் ஐயாவின்ர உடம்பு பாக்கிற பயிற்சி. பெருவிரலில தொடங்கினா முழங்கால் வரேக்க நான் நித்திரை.

எழும்ப அலாரம் வைச்சனான், மனிசன் பாவம், விடிய வேலைக்குப் போறவர், அவருக்கும் நித்திரை குழம்பினது. நிப்பாட்டிப் போட்டன். பிறகு பாத்தா எனக்கு அலாரமே தேவையில்லை, எங்கட ஊரில விடியக்காலமை ஆராவது எழுப்புவினம்தானே, ஒரு கோயில் இல்லாட்டி மற்றக் கோயிலின்ர லவுட்ஸ்பீக்கர். முந்தி எனக்கு எரிச்சல் வாற அதே சத்தம். பாட்டுத் தொடங்க முழிப்பு வரும், கொப்பி எழுதுவன், பாட்டு முடியேக்க திரும்பப் படுப்பன்.

முதல் தரம் மார்கழி பிறக்கிறதுக்கு முதல் வந்தது, ஆனா ஒரு நொடி. பஸ்ஸில இருக்கிறன், மூக்கைப் பொத்துறன், மூச்சு வருது, "ஐயோ உது கனவு" எண்டு சந்தோசத்தில துள்ள முழிச்சிட்டன். கனபேருக்கு முதல் தரம் அப்பிடித்தானாம். சந்தோசம் வந்தா எண்ணிக்கை விட்டுப்போன மாதிரி நினைச்சுத் திரும்ப ஒண்டுக்கு வா எண்டு ஐயா போனில சொன்னார், கனவுக்க உள்ளங்கை ரெண்டையும் உரஞ்சினா கனவு கலையாமல் நிக்கும் எண்டு நான் வாசிச்சும் வைச்சிருந்தனான்.

ரெண்டாவது தரம் திருவெம்பாவையில. அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ, விடியப்புறம் பெடியள் சங்கும் சேமக்கலமும் அடிச்சுக்கொண்டு எங்கட ஒழுங்கையால போக முழிச்சனான். குளிர். எழுதினன், சொல்லவேண்டியதைச் சொன்னன், சேமக்கலச் சத்தம் தூரப் போகப் போக அதையே கேட்டுக்கொண்டு படுத்தன்.

விறாந்தை. ஜாம் போத்தல் விளக்கு. அப்பா சுத்துறார். நான் வழமை போலப் பக்கத்தில இருந்து அவரின்ர கையைப் பாக்கிறன், புறங்கையில பழைய தழும்பு, நான் மறந்தே போயிருந்த தழும்பு, அது தெரியுது. அப்பத்தான், ஒரு சோதனையும் செய்யாமலே, நடக்கேக்க குதி மண்ணில படுறது தெரியிற மாதிரி மெதுவாத் தெரிஞ்சது, அப்பா 2011இல செத்தவர், இது கனவு. எனக்கு நெஞ்சு படபடத்தது. ஒண்டு எண்டு எண்ணினன். கையை உரஞ்சினன், சூடு தெரிஞ்சது. விறாந்தை நிண்டுது. சீமெந்தின்ர குளிர் காலில பட்டுது, அந்த எண்ணெய் மணம் வந்தது. பதினாலு வருசமாச் சேத்து வைச்ச கேள்வி எல்லாம் இருந்தது எனக்கு, ஒண்டும் கேக்கேல்ல. "அப்பா கை நோகுதெல்லோ, நீங்க இருங்கோ, நான் சுத்துறன்" எண்டன். அவர் என்னைப் பாத்தார். பெடலை விட்டார். நான் சுத்தினன், கனமா இருந்தது, அவர் சுவரில சாஞ்சு இருந்து தோளைத் தடவிக்கொண்டு ரேடியோ கேட்டார். எவ்வளவு நேரம் எண்டு தெரியேல்ல. ரேடியோவில கதைச்சது அண்டைக்கும் எனக்கு விளங்கேல்ல. அவருக்கு விளங்கினது, தலையாட்டிக்கொண்டு இருந்தார்.

விடிய அம்மாவிட்டச் சொன்னன். அப்பா கனவில வந்தா அம்மா வழமையாக் காகத்துக்குச் சோறு வைப்பா, ஏதோ குறையோட வந்திருக்கிறார் எண்டு. இந்தத் தரம் முழுக்கக் கேட்டுப்போட்டு, "இருந்தவரோ? கதிரையிலயோ கீழயோ?" எண்டு கேட்டா. கீழ எண்டன். "அவர் கீழதான் இருப்பார்" எண்டுபோட்டுச் சோறு வைக்கப் போனா.

அது என்ர அப்பாவின்ர ஆவி எண்டு நான் சொல்ல வரேல்ல. என்ர மூளைக்குள்ள இருந்த அப்பாதான். எனக்கு அது காணும்.

போக யோசிக்கிற ஆக்களுக்குச் சில விசயம் கட்டாயம் சொல்லோணும். விடியப்புறம் எழும்பிப் படுக்கிறதைக் கிழமைக்கு ரெண்டு நாளுக்கு மேல செய்யாதேங்கோ, நித்திரை குறைஞ்சா மற்ற எல்லாம் வீண், நான் தொடக்கத்தில ஒவ்வொரு நாளும் செய்து வேலையில தலையிடியோட இருந்தனான். சில பேருக்கு இப்பிடிச் செய்யேக்க முழிப்பு வந்தும் உடம்பு அசையாமல் நெஞ்சில ஆரோ ஏறி இருக்கிற மாதிரி வரும், பேய் அமுக்கிறது எண்டு இஞ்ச சொல்லுறது அதுதான், ரெம்மில கட்டிப்போட்ட தசை அவிழுறதுக்கு முதல் மனம் முழிச்சிடுது, ஒண்டு ரெண்டு நிமிசத்தில போயிடும், பயப்பிடாமல் மூச்சைப் பாருங்கோ. எது கனவு எது நனவு எண்டு ஏற்கெனவே குழம்புற வருத்தம் இருக்கிற ஆக்கள் இதைத் தொடவே வேண்டாம். சண்டைக் காலத்தில கண்டதுகள் கனவில வந்து அலறி எழும்புற ஆக்கள் எங்கட ஊரில கனபேர், கெட்ட கனவுக்கு இந்த முறையை வைத்தியத்திலயும் பாவிச்சுப் பாத்திருக்கினம், ஆனா அது தெரிஞ்ச ஆக்களோட செய்யவேண்டிய வேலை, தனியா அந்தக் கனவுக்க போய் நிக்காதேங்கோ. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு, 1926 எண்ட நம்பருக்கு அடிச்சும் கதைக்கலாம்.

போனில இதுக்கெண்டு ஆப்புகளும் இருக்குது, நானும் ஒண்டு போட்டுப் பாத்து அழிச்சுப் போட்டன், முழிச்ச உடன போன் வெளிச்சத்தைப் பாத்தா கண்ட கனவு அந்த நொடியே போயிடும். கொப்பிதான் திறம்.

வகுப்புக்கு நான் அஞ்சுக்கு நாலு குடுக்கிறன். அந்த ஒண்டு நோட்டீசுக்காகவும் நுளம்புக்காகவும் குறைச்சது. இப்ப புது நோட்டீஸ் அடிச்சிருக்கினம், போய்ப் பாத்தனான், கனவு எண்ட சொல்லை எடுத்துப் போட்டினம், தினசரித் தியானம் எண்டு மட்டும் இருக்கு, ஆனா கனவைப் பற்றிக் கேட்டா ஐயா கதைப்பார். அடுத்தது தைப்பொங்கல் முடிய வாற செவ்வாய்க்கிழமை தொடங்குது. ஆறு மணிக்குப் போனாலும் காணும், அதுக்கு முதல் தொடங்காது. நானும் திரும்பப் பேர் குடுத்திட்டன், அம்மாவும் வாறன் எண்டிருக்கிறா, அவவுக்கு முழங்கால் மடிக்கேலாது, அந்த முதுகு நிமிந்த கதிரையில ஒண்டை யன்னல் பக்கமா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறன்.